நவம்பர் ஜோசியம்

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 82 ஆட்டம். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் முடியும். கோப்பையைத் தீர்மானிக்கிற பிளே-ஆஃப் அதற்கப்புறம்தான். அது ஜூன் வரை இழுக்கும். ஆகவே நவம்பர் மாதத்துப் புள்ளிப் பட்டியலைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொன்ன கையோடு, அதே பட்டியலைப் பார்த்து எல்லா முடிவுக்கும் வந்துவிடுவார்கள். ஐந்து ஆட்டம் ஜெயித்த அணிக்குக் கோப்பை நிச்சயம். ஐந்து ஆட்டம் தோற்ற அணியின் கோச் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிறந்து பதினோரு நாளான குழந்தைக்கு ஜாதகம் கணித்து, அறுபதாம் கல்யாணத்தில் யார் யார் சண்டை போடுவார்கள் என்பதுவரை சொல்கிற வேலை இது.

மூட்டை கட்டுகிற விஷயம் மிகையில்லை. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் கோபி பிரையன்ட், பாவ் கசோல் ஏற்கெனவே இருந்தார்கள். போதாதென்று ஸ்டீவ் நாஷையும் டுவைட் ஹோவர்டையும் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் கோப்பையை அப்போதே அனுப்பி வைத்துவிட்டன. சீசன் ஆரம்பித்தது. இரண்டாவது ஆட்டத்தில் நாஷுக்குக் காலில் முறிவு. ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஒரு வெற்றி, நான்கு தோல்வி. கோச் மைக் பிரவுனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாக்கி 77 ஆட்டம் இருந்தது. இடைக்காலமாக வந்த பெர்னி பிக்கர்ஸ்டாஃப் ஐந்தில் நான்கை ஜெயித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். (இந்த மனிதரின் பெயரை நினைவில் வையுங்கள், இவர் மகன் பின்னால் வருகிறார்.) அடுத்து மைக் டி'அன்டோனி. கடைசியில் 45 வெற்றி, முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோவிடம் நான்குக்குச் சுழியம். கோச்சை மாற்றியதால் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் அடுத்த நவம்பர் வந்துவிட்டது.

ஜெயித்துத் தொடங்கினால் மட்டும் என்ன வாழ்கிறது? 2015-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் முதல் 24 ஆட்டத்தையும் ஜெயித்தது. இன்றுவரை அதுதான் சாதனை. அப்போது பெஞ்சில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் துணைக் கோச் லூக் வால்ட்டன். பதிவேட்டில் அந்த 24 வெற்றியும், முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓய்விலிருந்த ஸ்டீவ் கெர் பெயரில் ஏறின. அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை என்பார்கள். இருபத்தைந்தாவது ஆட்டம் மில்வாக்கியில். ‘24-1’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டோடு உள்ளூர் ரசிகர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், அப்படியே நடந்தது. வாரியர்ஸ் அந்த சீசனில் மொத்தம் 73 ஆட்டம் ஜெயித்து, மைக்கேல் ஜோர்டன் காலத்துச் சிகாகோவின் 72-ஐ முறியடித்தது. இறுதிச் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னேயும் இருந்தது. கோப்பை மட்டும் கிளீவ்லண்டுக்குப் போய்விட்டது.

இதெல்லாம் ஊரார் கதை. நான் குடியிருப்பது டெட்ராய்ட் புறநகரில். எங்கள் அணி பிஸ்டன்ஸ். 2004-இல் கோப்பை வாங்கியது. அதைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் நேற்று நடந்தது மாதிரிச் சொல்வார்கள், ஏனென்றால் அதற்கப்புறம் சொல்ல அதிகம் இல்லை.

2023 அக்டோபரில் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவில் வந்திறங்கினார்கள். மாமியாருக்கு வேலை இருந்தது: பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், எனக்கு அறிவுரை. மாமனாருக்கு ஒன்றும் இல்லை. அவர் தேனிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியகுளத்தில் கோடை விடுமுறையில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை ஒரு வருஷம்கூட விடாமல் பார்த்தவர். வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் விளக்கொளியில் மோதுகிற ஆட்டங்கள். அவர் கூடைப்பந்து என்று ஒத்துக்கொள்வது அதைத்தான். அப்படிப்பட்டவரை ஒரு பெரிய டி.வி. முன்னால் உட்காரவைத்து, “மாமா, இதுதான் எங்க டீம்” என்று காட்டினேன்.

முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. என் அலுவலகத்தில் ஒருவர் ஃபோனில் கணக்குப் போட்டு, இதே வேகத்தில் போனால் 54 வெற்றி என்றார். அந்தக் கோடையில்தான் மான்டி வில்லியம்ஸ் புதுக் கோச்சாக வந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின, என்.பி.ஏ. கோச் எவருக்கும் அதுவரை கிடைக்காத தொகை. மாமா ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார். ஏறத்தாழ 650 கோடி என்றேன். கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விசில் அவரே வாங்கிக்கணுமா, இல்ல இவங்களே குடுத்துருவாங்களா?” என்றார்.

அக்டோபர் 30-ஆம் தேதி ஓக்லஹோமா சிட்டியிடம் பிஸ்டன்ஸ் தோற்றது. அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். அடுத்ததும் தோல்வி. நவம்பர் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை.

தொடர் தோல்விக்கு ஒரு முறைமை உண்டு. ஐந்தாறு வரை யாரும் கவலைப்பட மாட்டார்கள். இளம் அணி, போகப் போகச் சரியாகும் என்பார்கள். இளம் அணி என்பது உண்மைதான். சீசனைத் தொடங்கிய ஐவரில் ஒருவருக்குக்கூட 23 வயது ஆகவில்லை. பத்தை நெருங்கும்போது காயம்பட்டவர்களின் பட்டியல் வெளிவரும். தூரத்திலிருந்து குறி தவறாமல் எறியக்கூடிய போயான் போக்டானோவிச் காலில் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவர் வரட்டும் என்பார்கள். அவரும் வந்தார். தோல்விகள் அவருக்காக நிற்கவில்லை. பதினைந்தைத் தாண்டினால் ஊர்ப் பத்திரிகைகளில் கோபம் வரும். இருபதைத் தாண்டினால் கோபம் போய், தேசமே ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடும். கலிஃபோர்னியாவில் இருக்கிற என் கல்லூரி நண்பன், பிஸ்டன்ஸ் என்று ஓர் அணி இருப்பதே தெரியாதவன், “இன்னிக்கும் தோத்தாங்களா?” என்று தினமும் செய்தி அனுப்பினான்.

மாமியார் ஒருநாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “டிரா ஆகவே ஆகாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கிரிக்கெட்டில் தோற்கப் போகிறவனைக் காப்பாற்ற மழை இருக்கிறது, மங்கிய வெளிச்சம் இருக்கிறது, ஐந்தாம் நாள் மாலை இருக்கிறது. கூடைப்பந்தில் கூரை இருக்கிறது. 48 நிமிஷத்தில் சமமாக நின்றால் இன்னும் ஐந்து நிமிஷம், அதிலும் சமமென்றால் இன்னொரு ஐந்து, யாராவது ஒருவர் தோற்கும்வரை விடமாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம் வேறு. துக்கம் அனுசரிக்க அவகாசமே கிடையாது.

ஆனால் மாமாவுக்கு அந்த இரண்டு மாதமும் பொற்காலம். ஜெயிக்கிற அணியிடம் ஒரு பி.டி. மாஸ்டருக்கு என்ன வேலை? அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் நிற்கிற தோரணையில்தான் எங்கள் ஹாலில் நிற்பார். “பாக்ஸ் அவுட் பண்ணலை மாப்பிள்ளை, பாருங்க, பந்து ரிங்ல பட்டதும் எல்லாரும் அண்ணாந்து வேடிக்கை பாக்குறாங்க.” “அவனுக்கு இடது கை எதுக்கு இருக்கு?” “டிஃபென்ஸுல கால் நகரணும், இவன் கைய நீட்டுறான், ஃபவுல் குடுக்காம என்ன பண்ணுவான் ரெஃப்ரி?” என் மகளுக்கு மருந்துக் கணக்கு எழுத வாங்கின நோட்டை அவர் எடுத்துக்கொண்டார். இடது பக்கம் விட்ட ஃப்ரீ த்ரோ, வலது பக்கம் கையிலிருந்து நழுவவிட்ட பந்து. கீழே கோடு போட்டுக் கூட்டல். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் மார்ஜின் விட்டிருந்தார்.

கேட் கன்னிங்ஹாம் என்ற பையனை மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்டில், 2021-இல் முதலாவதாக எடுக்கப்பட்டவன். “இவன் ஒருத்தன்தான் பந்தைப் பாக்குறதுக்கு முன்னாடி ஆளைப் பாக்குறான்” என்றார். மாமாவிடமிருந்து பாராட்டு என்ற பெயரில் நான் கேட்ட முதல் வாக்கியம் அது. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் வருஷம் முழுக்க ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அக்டோபரில் அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். டிசம்பரில் அவரே மேஜை மேஜையாக வந்தார். அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். எனக்கு மாமா இருந்ததால் நான் ஓடவில்லை. டிசம்பர் 26-ஆம் தேதி டிக்கெட் இரண்டு கிடைத்தது. அன்று தோற்றால் தொடர்ச்சியாக 27; ஒரே சீசனில் அத்தனை தோல்வியை எந்த அணியும் அடுத்தடுத்துக் கண்டதில்லை. பழைய சாதனை 26, கிளீவ்லண்டுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் பங்கு. வரலாற்றைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். எந்தப் பக்கத்து வரலாறு என்று அவள் கேட்டாள்.

உள்ளே நல்ல வெப்பம். மாமா குரங்குக் குல்லாயைக் கழற்றவில்லை. எதிரணி புரூக்ளின் நெட்ஸ். அந்த அணிக்கும் ஒரு பழங்கதை உண்டு. பாப்கார்ன் வாங்கும் வரிசையில் மாமாவுக்குச் சொன்னேன். 2009-இல் அவர்கள் நியூஜெர்சியில் இருந்தபோது முதல் 18 ஆட்டத்தையும் தோற்றார்கள். நடுவில் கோச் லாரன்ஸ் ஃபிராங்க் பதவி இழந்தார். அந்த சீசனுக்கு டிக்கெட் விற்க நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: குறிப்பிட்ட டிக்கெட் தொகுப்பு வாங்கினால் இருபுறமும் போடக்கூடிய ஜெர்சி இனாம். ஒரு பக்கம் நெட்ஸ் வீரரின் பெயர். திருப்பிப் போட்டால் எதிரணி நட்சத்திரத்தின் பெயர். லெப்ரான் ஜேம்ஸ் வருகிற அன்று லெப்ரான், கோபி வருகிற அன்று கோபி. சொந்த ரசிகன் எந்த நிமிஷத்திலும் கட்சி மாறலாம் என்பதற்கு நிர்வாகமே துணி எடுத்துத் தைத்துக் கொடுத்த வேறு சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

மாமா யோசித்தார். “துணி நல்ல துணியா?” என்றார்.

அன்று கேட் 41 புள்ளி எடுத்தான். ஆட்டம் கடைசிவரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 118-112. தோல்வி. கூட்டம் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது. என்ன சொல்கிறார்கள் என்று மாமா கேட்டார். அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றேன். அவர் கூட்டத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். “இந்த நெலமையில யார் வாங்குவா? ஒரு பத்து ஜெயிச்சுட்டு வித்தாத்தான வெல வரும்?” என்றார். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர், பிஸ்டன்ஸ் சட்டையும் சோகமுமாக இருந்தவர், பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்டனில் ஆட்டம். அந்த சீசனில் கோப்பை வாங்கப் போகிற அணியை எதிர்த்து, அவர்கள் ஊரிலேயே, பாதி நேரத்தில் பிஸ்டன்ஸ் 19 புள்ளி முன்னால் இருந்தது. நான் மாமியாரைக்கூட எழுப்பிவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்து, சமமாகி, கூடுதல் நேரத்தில் 128-122. இருபத்தெட்டு. இரண்டு சீசனைச் சேர்த்து ஃபிலடெல்ஃபியா வைத்திருந்த பழைய எண்ணிக்கையும் சமன். “இதுக்கா எழுப்புனீங்க?” என்று மாமியார் கேட்டார். குழந்தையும் எழுந்துகொண்டது.

டிசம்பர் 30, எதிரணி டொரண்டோ. அன்றைக்குத்தான் டொரண்டோ தன் முக்கிய ஆள் ஓ.ஜி. அனுனோபியோடு இன்னும் இருவரை நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தது. பதிலுக்கு வரவேண்டியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. குறைந்த ஆட்களோடு வந்தார்கள். 129-127, பிஸ்டன்ஸ் வெற்றி. வண்ணக் காகிதத் தூவல்தான் இல்லை, மற்றபடி கோப்பை வாங்கிய கொண்டாட்டம்.

அந்தப் பரிமாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. நியூயார்க் கொடுத்தவற்றுள், 2024 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் டெட்ராய்ட்டுக்கு உரிய இடமும் ஒன்று. அது எப்போதோ கைமாறி நியூயார்க்கிடம் இருந்தது. டெட்ராய்ட் எவ்வளவு மோசமாகத் தோற்கிறதோ அவ்வளவு முன்னால் அந்த இடம் நகரும். அதாவது டெட்ராய்ட் தோற்பதால் லாபம் அடையும் உரிமையை வாங்கிய அதே நாள், டொரண்டோ டெட்ராய்ட்டிடம் தோற்றது. கடைசியில் நட்டமொன்றும் இல்லை: பிஸ்டன்ஸ் 14 வெற்றி, 68 தோல்வி என்று லீகிலேயே அடியில் முடித்ததால், இரண்டாம் சுற்றின் முதல் இடம் டொரண்டோவுக்குக் கிடைத்தது.

முதல் சுற்று விவகாரத்தை மாமாவுக்கு விளக்கியதுதான் என் வாழ்நாளின் கடினமான காரியம். அதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். மே மாதம் வீடியோ அழைப்பில் விளக்கினேன். பட்டியலில் அடியில் இருக்கும் அணிக்குக் கல்லூரியிலிருந்து வரும் நல்ல ஆட்டக்காரனை முதலில் எடுக்க வாய்ப்பு.

“கடைசி மார்க் எடுத்தவனுக்கு முதல் பரிசா?”

நிச்சயமில்லை மாமா, குலுக்கல் உண்டு. பந்துகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க 2019-இலிருந்து அடியில் இருக்கும் மூன்று அணிக்கும் ஒரே அளவு வாய்ப்பு, தலா நூற்றுக்குப் பதினான்கு.

“லாட்டரியா? நம்ம ஊர்ல 2003-லயே தடை பண்ணிட்டாங்களே.” சிறிது நேரம் கழித்து, “சரி, விழுந்துச்சா?” என்றார்.

விழவில்லை. முதல் இடம் நூற்றுக்கு மூன்று வாய்ப்பே வைத்திருந்த அட்லாண்டாவுக்குப் போனது. டெட்ராய்ட்டுக்கு ஐந்தாவது. கடைசியில் நிற்கும் அணி அதற்குக் கீழே இறங்க முடியாது என்று விதி இருப்பதால் அதோடு நின்றது. முந்தின வருஷமும் கடைசியாக வந்து இதே ஐந்தாவது இடத்தைத்தான் வாங்கியிருந்தார்கள். தோற்பதிலும் ஜெயிக்கத் தெரியாத அணி என்று மாமா அந்த அழைப்பை முடித்துக்கொண்டார். ஜூனில் மான்டி வில்லியம்ஸை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி, அந்தப் பணமும் கொடுத்தாக வேண்டும். மாமா தன் ஓய்வூதிய விவரத்தோடு இதை ஒப்பிட்டு ஏதோ சொன்னார். சிக்னல் சரியில்லை என்றேன்.

புதுக் கோச்சாக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். லேக்கர்ஸுக்கு ஐந்து ஆட்டம் பார்த்துக் கொடுத்த பெர்னியின் மகன் இவர்தான். 2024 சீசனை முதல் நான்கும் தோல்வி என்று தொடங்கினார். நான்காவது தோல்வியன்று மாமா, “ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று கேட்டார், குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குப் படவில்லை. அந்த அணிதான் 44 வெற்றியோடு முடித்தது. முந்தின வருஷத்தின் 14-ஐ மூன்று மடங்குக்கு மேல் ஆக்கியது.

அதே சீசனில் பக்கத்து ஊர் கிளீவ்லண்ட் முதல் 15 ஆட்டத்தையும் ஜெயித்தது. இந்தியானா பேசர்ஸ் முதல் 25-இல் 15 தோற்றது. நவம்பர் ஜோசியர்கள் இரண்டுக்கும் பலன் எழுதி முடித்துவிட்டார்கள். மே மாதம் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் இருவரும் மோதினார்கள். பேசர்ஸ் நான்குக்கு ஒன்று என்று கிளீவ்லண்டை வீட்டுக்கு அனுப்பி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை போனது. அடுத்த நவம்பரில் அதே ஜோசியர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே உறுதியோடு பேசினார்கள். இதற்கென்று ஒரு தடித்த தோல் வேண்டும்.

2025 நவம்பரில் பிஸ்டன்ஸ் ஜெயிக்க ஆரம்பித்தது. ஐந்து, எட்டு, பத்து. என் அலுவலகத்து டிக்கெட்காரர் மறுபடி பேச்சை மாற்றத் தொடங்கினார். மாமா ஒவ்வொரு வெற்றிக்கும் இன்னும் கவலையானார். குழந்தையைக் காட்டச் சொல்லி அழைப்பார். குழந்தை பாட்டுக்கு ஒரு மூலையில் நிற்கும், அவர் என்னிடம் பாக்ஸ் அவுட் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். “எல்லாம் பந்து உள்ள போறதால நல்லாத் தெரியுது மாப்பிள்ளை. போகாத அன்னைக்குத் தெரியும்.” பதிமூன்று வரை போனார்கள். அணியின் பழைய சாதனைக்குச் சமம். பதினான்காவது ஆட்டம் பாஸ்டனில், தோற்றார்கள்.

அன்று மாமாவே கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

“இப்பத்தான் மாப்பிள்ளை மனசு ஒரு நெலைக்கு வந்துச்சு. சரி, இன்னைக்கு ஃப்ரீ த்ரோ எத்தனை விட்டாங்க? பாத்துச் சொல்லுங்க, நோட்டுல இன்னும் நாலு பக்கம் காலியா கெடக்கு.”